நெஞ்செரிவும் அப்பச்சோடாவும்

கலியாண வீட்டிலே இரவு 9 மணிக்குப் பந்தி. 10 மணிக்கு வீடு திரும்பியதும் படுக்கை. நள்ளிரவிலே நெஞ்சுக்குள் தீ மூட்டினாற்போல் எரிவும் புளித்த ஏப்பமும். உடனே குசினிக்குச் சென்று ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைத் தண்ணீரிற் கரைத்துக் குடிப்பது நம்மவர் வழக்கம். பெரியதோர் ஏப்பம் வரும், எரிவும் தணியும். ஆனால் அடுத்த விருந்தின் பின் அது திரும்பவும் வருவதேன்?

இரைப்பையிற் சுரக்கும் அமிலம் சமிபாட்டுக்கு இன்றியமையாதது. இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலம் ஒன்று காக்கின்றது; மேலேயுள்ள உணவுக்குழாய்க்கோ அத்துணைக் காப்பு இல்லை. இரண்டுக்கும் இடையேயுள்ள தசைவளையம் தளர்ந்தால் அமிலம் மேலேறி எரிவை உண்டாக்கும். ஆகவே குற்றம் பெரும்பாலும் அமிலம் மிகுவதில் அன்று. தனக்குரிய இடத்தை விட்டு அது ஏறுவதிலேயே உள்ளது.

அப்பச்சோடா அமிலத்தைக் கணத்தில் முறிக்கும் என்பது மெய்யே. அப்பொழுது பிறக்கும் வாயுவே அந்த ஏப்பம். அதிலுள்ள சோடியமோ இரத்த அழுத்தக்காரருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் ஆகாது. பாலும் சற்று நேரம் இதந்தரும்; பின்னர் அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டும்.

என்னைக் கேட்டால், மருந்துப் போத்தலிலும் பார்க்கக் கட்டிலையே முதலிற் கவனிக்கச் சொல்வேன். இராச்சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரமாவது செல்லவேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே கல் வைத்து 6 முதல் 8 அங்குலம் வரை உயர்த்துக. தலையணைகளை அடுக்குவதாற் பயனில்லை. உடல் இடுப்பில் மடிந்து வயிறு அமுக்குண்ணும். இடப்பக்கம் சரிந்து படுத்தால் இரைப்பை உணவுக்குழாயிலும் தாழ்ந்து நிற்கும். பாயிற் படுப்பவருக்குக் கல்லும் வேண்டாம், இதுவொன்றே போதும்.

உணவிலே ஒருவருக்கு ஆகாதது மற்றவருக்கு ஆகலாம். பொரியல், உறைப்பு, பழப்புளி, கோப்பி, வெறுந்தேநீர் ஆகியவற்றுள் எது தமக்குப் பகை என்பதை இரண்டு கிழமை குறித்து வைத்தாற் தெரிந்துவிடும். பாட்டிமார் வடித்துத் தரும் சீரகத் தண்ணீர் சிலருக்குச் சுகமளிக்கும். பெப்பர்மின்ற் இனிப்போ தசைவளையத்தைத் தளர்த்துவதால் உதவாது. புகைத்தலும் இறுக்கிக் கட்டிய இடுப்புப்பட்டியும் எரிவை வளர்ப்பன. பருத்த உடலினர் சிறிது மெலிந்தாலே வேறுபாட்டை உணர்வர்.

கிழமையில் இரண்டு மூன்று முறை எரிவு வந்தாலும், விழுங்கும்போது உணவு தடைப்பட்டாலும், மலம் தார்போற் கறுத்தாலும் வைத்தியரிடம் செல்வதைப் பின்போடலாகாது.

அப்பச்சோடாவைக் குடித்து ஏப்பத்துக்குக் காத்திருப்பதில் ஓர் அபாயமும் உண்டு. மாரடைப்பும் சிலவேளை நெஞ்செரிவு போலவே தொடங்கும். நெஞ்சைப் பாரம் அமுக்குவதுபோலிருந்து, நோவு கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டி, மூச்சு முட்டினால், அதனை வாயு என்று எண்ணி ஒரு நிமிடமும் தாமதிக்கவேண்டாம். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வீட்டு வாசலுக்கே வரும், கட்டணமும் இல்லை.