ஐந்து மணிக்கே இருட்டும் ஊருக்கு எந்த கேமரா?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. அதை ஒட்டி போர்ட் பிளேரின் ஷாதிபூரிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே கேள்வி வேறு வேறு வடிவில் இருந்தது: கேமரா வாங்க 22 வரை பொறுத்திருக்கலாமா? பொறுத்திருந்து பயனிருக்கவில்லை. ஏசியும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவியும் அப்போதுதான் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கின. டிஜிட்டல் கேமரா அந்தப் படியை 2019 ஜனவரி 1 அன்றே இறங்கிவிட்டது, அங்கேயேதான் இருக்கிறது. 22-க்குப் பிறகு ஒரு கடை ‘ஜிஎஸ்டி குறைப்பு விலை’ என்று கேமராவின் மேல் அட்டை மாட்டினால் அது கடைக்காரர் தரும் தள்ளுபடியாக இருக்கலாம், அரசு தந்ததாக இருக்க முடியாது. எனவே தேதியை விட்டுவிட்டு, கடிதங்களின் இரண்டாவது கேள்விக்குப் போகலாம். அன்றாடப் படங்களுக்கு, சட்டைப்பையில் அடங்குகிற அளவில், கேனான் பவர்ஷாட் ஜி7 எக்ஸ் மார்க் 3 நல்லதா, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 நல்லதா?

இந்த இரண்டையும் வாசகர்கள் ஜோடி சேர்த்ததில் நியாயம் இருக்கிறது. இரண்டுமே 2019 ஜூலையில் அறிவிக்கப்பட்டவை. இரண்டிலும் 2 கோடி புள்ளி சென்சார், ‘ஒரு அங்குலம்’ என்று சொல்லப்படும் அதே அளவு. (அளந்தால் 13.2-க்கு 8.8 மி.மீ. மூலைக்கு மூலை பிடித்தாலும் முக்கால் அங்குலம்கூட வராது. தொழில்துறை வழக்கம் என்கிறார்கள். வாங்குகிறவருக்கு அந்த வழக்கத்தால் ஒரு லாபமும் இல்லை.) எடை கேனான் 304 கிராம், சோனி 302. வித்தியாசமெல்லாம் லென்ஸில்தான். சோனியின் ஜூம் 24 முதல் 200 மி.மீ. வரை போகிறது, கேனான் 100-லேயே நின்றுவிடுகிறது. விளம்பரத்தைப் படிக்கிற யாருக்கும் சோனி இரு மடங்கு கேமராவாகத் தெரியும். ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது போர்ட் பிளேரில், அன்றாடப் படம் எடுப்பவருக்கு அது தலைகீழான கணக்கு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

காரணம் நம் கடிகாரம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிடப்பட்டது. நம் ஊர் ஏறத்தாழ 92.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், சூரியன் நமக்குக் கடிகாரத்தைவிட நாற்பது நிமிடம் முந்தி ஓடுகிறது. நவம்பர் கடைசியில் மாலை ஐந்து அடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆண்டிலேயே நீளமான பகல் வரும் ஜூன் மாதத்தில்கூட ஆறு மணியைச் சூரியன் பார்ப்பதில்லை. சென்னையோடு ஒப்பிட்டால் முக்கால் மணி நேரத்துக்கும் மேலான நஷ்டம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அந்திவெளிச்சமும் நெடுநேரம் நிற்காது. இருபது நிமிடத்தில் தெருவிளக்கு தேவைப்படும். அலுவலகம் விட்டு வந்து எடுக்கிற எந்தப் படமும், மெரினா பூங்காவில் விளையாடும் பிள்ளைகளோ, வெற்றிமலை முருகன் கோயிலின் மாலைக் கூட்டமோ, வீட்டுப் பிறந்தநாளோ, குழல்விளக்கிலும் தெருவிளக்கிலும் எடுக்கிற படம்தான். கேமராக்களை மதிப்பிடுகிறவர்கள் லண்டனின் நீண்ட கோடை மாலையிலோ டோக்கியோவின் ஒளிவெள்ளத் தெருவிலோ நின்று எழுதுகிறார்கள். நமக்கு வேலை நாளின் அன்றாட வெளிச்சம் என்பது பெரும்பாலும் இருட்டு.

இருட்டில் எந்த எண் பேசும் என்பதில்தான் நிறுவனங்களின் சாமர்த்தியம் ஒளிந்திருக்கிறது. 24–200 என்பதும் 24–100 என்பதும் அந்த லென்ஸ்களின் உண்மையான குவிய நீளம் அல்ல. உண்மை அளவு லென்ஸின் முகப்பு வளையத்தில் பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சோனியில் 2.8-4.5/9.0-72 என்று இருக்கும். கேனானில் 8.8-36.8 மி.மீ., 1:1.8-2.8. (2.8-4.5, 1.8-2.8 என்பவை எஃப் எண்கள்; மற்றவை நீளம்.) பழைய 35 மி.மீ. பிலிம் கேமராவின் பார்வைக் கோணத்தோடு ஒப்பிட்டுச் சொல்வதற்காக இந்த நீளங்களைச் சுமார் 2.7-ஆல் பெருக்குகிறார்கள். அதில் குற்றமில்லை, கோணம் புரிய அது உதவுகிறது. ஆனால் பெருக்கல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமானால் எஃப் எண்ணையும் அதே 2.7-ஆல் பெருக்க வேண்டும். அப்போது கேனானின் 1.8 கிட்டத்தட்ட 4.9 ஆகிவிடும். சோனியின் 2.8 ஏழரையைத் தாண்டும். ஜூமின் கோடியில் உள்ள 4.5 பன்னிரண்டுக்குப் போய்விடும். எஃப்/12 லென்ஸ் என்று அச்சடித்து எந்தக் கடையிலும் கேமரா விற்க முடியாது. அதனால் பெருமை தரும் எண்ணைப் பெருக்குகிறார்கள், சங்கடம் தரும் எண்ணைப் பெருக்காமல் விடுகிறார்கள்.

நிறுவனங்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு, அது முழுப் பொய்யும் அல்ல. சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் வெளிச்சத்தைத்தான் எஃப் எண் சொல்கிறது, ஒளிமானிக்கு அது போதும், சென்சார் சிறிதா பெரிதா என்பது அதற்குப் பொருட்டல்ல என்பார்கள். ஒளி அளவை நிர்ணயிக்க அது சரி. ஆனால் படத்தில் மண் தூவியதுபோல வரும் புள்ளி இரைச்சலைத் தீர்மானிப்பது மொத்தமாக உள்ளே வந்த வெளிச்சம். ஒரே காட்சியை, ஒரே கோணத்தில், ஒரே ஷட்டர் வேகத்தில் எடுக்கும்போது அந்த மொத்தத்தை முடிவு செய்வது லென்ஸின் துளை. மழைத் தண்ணீர் பிடிக்க வைக்கும் அண்டாவுக்கு ஆழம் முக்கியமில்லை, வாயின் அகலம்தான் முக்கியம் என்பது இந்த ஊரில் எவரும் அறிந்தது. துளையின் அகலம் காண வளையத்தில் உள்ள நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் போதும்; கடையிலேயே போனில் கணக்குப் போட்டுவிடலாம். அகன்ற கோணத்தில் கேனானுக்கு 8.8-ஐ 1.8-ஆல் வகுக்க 4.9 மி.மீ. வருகிறது. சோனிக்கு 9-ஐ 2.8-ஆல் வகுக்க 3.2 மி.மீ. பரப்பில் அது இரண்டேகால் மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம். கேனான் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்திறன், 1600-ல் எடுத்து முடிக்கிற படத்துக்குச் சோனி ஏறத்தாழ 3,800 வரை ஏற வேண்டியிருக்கும். ஜூமை 100-க்குக் கொண்டுபோனால் கேனானின் துளை 13 மி.மீ.; அதே கோணத்தில் சோனியில் 8, 9 மி.மீ. அளவில்தான் இருக்கிறது.

இங்கே போன் குறுக்கே வரும், வரத்தான் வேண்டும். ஐபோன் 15 ப்ரோவின் முதன்மை லென்ஸ் சுமார் 6.8 மி.மீ. நீளம், எஃப் எண் 1.78, துளை 3.8 மி.மீ. அகன்ற கோணத்தில் அது சோனியின் 3.2-ஐவிடப் பெரிது. போதாததற்குப் போன் ஒரு அழுத்தலில் பல படம் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி இரைச்சலைக் குறைத்துக்கொள்கிறது. ஆக, ஒரு நல்ல போன் கையில் இருப்பவர் வீட்டுக்குள் குடும்பமே அடங்கும் படம் எடுக்க சோனியை வாங்கினால், காசு கொடுத்துத் துளையைச் சிறிதாக்கிக்கொள்கிறார். கேனானுக்கும் இங்கே கிடைக்கும் மேன்மை சொற்பம்தான். நிலைமை மாறுவது முகம் மட்டும் எடுக்கும் கோணத்தில். அதே போனின் மூன்று மடங்கு லென்ஸின் துளை 3.2 மி.மீ.; அந்தக் கோணத்தில் கேனானுக்கு 10 மி.மீ., பரப்பில் ஏறத்தாழ பத்து மடங்கு. சோனிகூட நான்கு மடங்கு வரை முன்னால் நிற்கும். விளக்குப் பூஜையில் பாட்டியின் முகத்தைப் பத்தடி தள்ளி நின்று எடுக்கிறீர்களா? தனி கேமராவுக்குக் கொடுக்கும் பணம் அங்கேதான் வசூலாகிறது.

சோனிக்காக வாதாடுகிறவர்கள் மூன்று அம்பு வைத்திருக்கிறார்கள். முதலாவது, அதிர்வைத் தாங்கும் வசதி. அது இரண்டிலும் இருக்கிறது, கையின் நடுக்கத்தை மட்டும் சரிசெய்கிறது. செல்லுலார் சிறைக் கட்டடம் அசையாது. ஓடுகிற குழந்தை அசையும், அதை நிறுத்த ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். இரண்டாவது, 200 மி.மீ. ஜூம். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவில், பழைய பெயரில் ராஸ் தீவில், பகல் பத்து மணிக்கு மானையும் மயிலையும் எடுக்க அது அருமையான கருவி, மறுப்பில்லை. மாலையிலோ, கேனானில் 100-ல் எடுத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டால் அதே 200-ன் கோணம் கிடைத்துவிடும். புள்ளிகள் கால் பங்காகும், 50 லட்சம் மிஞ்சும். வாட்ஸாப்புக்கும் ஆல்பத்தில் ஒட்டும் அளவு அச்சுக்கும் அது தாராளம். 200-ல் சோனியின் துளை 16 மி.மீ., வெட்டிய கேனானுடையது 13. நிறைய விலை வைத்து விற்கும் அந்தக் கடைசிப் பாதி ஜூம், இருட்டில் ஒன்றரை மடங்கு வெளிச்சம்தான் கூடுதலாகத் தருகிறது.

மூன்றாவது அம்புதான் தைக்கிறது: ஃபோகஸ். சோனியின் சென்சாரில் 357 கட்ட வேறுபாட்டு ஃபோகஸ் புள்ளிகள் ஓடும் முகத்தையும் கண்ணையும் விடாமல் பிடிக்கின்றன. கேனான் பழைய முறையில், முன்னும் பின்னும் தடவிப் பார்த்துத் தெளிவு எங்கே கூடுகிறது என்று தேடுகிறது. வெளிச்சம் குறையும்போது இந்தத் தேடல் நீள்கிறது. எவ்வளவு பெரிய துளையானாலும், ஃபோகஸ் தவறிய படம் குப்பைதான். பள்ளி விளையாட்டு விழாவே பிரதானம் என்பவர் சோனியை வாங்கட்டும், பகல் விழா என்பதால் வெளிச்சமும் அவர் பக்கம். ஆனால் அந்தி நேரத்து வீட்டுப் படங்களில் மனிதர்கள் உட்கார்ந்தோ நின்றோ சிரித்துக்கொண்டோ இருக்கிறார்கள். அந்த வேகத்துக்குக் கேனானின் தேடல் ஈடுகொடுக்கும். ஃபோகஸ் சரியாக இருந்தும் 3,800 ஐஎஸ்ஓவில் தலைமுடியும் புடவைக் கரையும் குழைந்துபோன படத்தை மென்பொருளால் சரிசெய்துவிடலாம் என்பவர்கள், அதே மென்பொருள் கேனான் படத்தையும் சரிசெய்யும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டரை மடங்கை ஒட்டிய அந்த இடைவெளி அப்படியே நிற்கும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. வெயிலில் கண்ணாடித் திரை தெரியவில்லை என்றால்? சோனியில் கண் வைத்துப் பார்க்கும் சிறு வ்யூஃபைண்டர் மேலெழும்பும், கேனானில் கிடையாது. இது சோனிக்கு நியாயமான மதிப்பெண். நடுப்பகல் கடற்கரை வீடியோவுக்கு? ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கேனானுக்குள்ளேயே இருக்கிறது, சோனி மார்க் 7-ல் இல்லை. சார்ஜர்? கேனானுக்குப் போன் போலவே யுஎஸ்பி-சி, சோனிக்குப் பழைய மைக்ரோ யுஎஸ்பி. பேட்டரி? இரண்டும் ஒரு சார்ஜுக்கு 250 படங்களை ஒட்டித்தான். உபரி ஒன்று வாங்குங்கள்.

மழையில் எடுக்கலாமா? இரண்டும் கூடாது. ஸ்விட்ச் போடும்போதெல்லாம் குழாய் வெளியே நீளும் லென்ஸ் வெளிக்காற்றையும் அதோடு உப்பையும் ஈரத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எடுத்து முடித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், லென்ஸில் பூஞ்சை பிடித்தால் துடைத்து எடுக்க முடியாத இடத்தில்தான் பிடிக்கும்.

அந்தமான் டிரங்க் சாலையில் 200 மி.மீ. ஜூம் உதவுமா? அந்தச் சாலை வழியில் வாழும் ஜரவா பழங்குடி மக்களைப் படமெடுப்பது 1956-ஆம் ஆண்டு பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் குற்றம், எந்த லென்ஸாக இருந்தாலும்.

பிள்ளைகள் கேட்கிற பழைய கேனான் இக்சஸ் 285 வாங்கித் தரலாமா? 4.5 மி.மீ. நீளம், எஃப் எண் 3.6, துளை ஒன்றேகால் மி.மீ.; பகலில் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.