வீடு நம் பெயரில்... மனுவும் நம் கையில் இருக்கட்டும்!

நான் 37 வயதுக் குடும்பத் தலைவி. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். கணவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர். மோகனூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அரசுக் குடியிருப்பில் ஒரு வீடு கேட்டு மனுப் போட்டு அலைந்ததில் பல விஷயங்கள் தெரிந்துகொண்டேன். என்னைப் போன்ற வாடகை வீட்டுப் பெண்களுக்குப் பயன்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எங்கள் வாடகை மாதம் 3,500 ரூபாய். வருஷத்துக்கு 42,000. பத்து வருஷத்துக்கு 4,20,000. அதுவும் நடுவில் வாடகையை ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் இருந்தால்! கல்யாணமாகி 15 வருஷத்தில் ஐந்து வீடு மாறிவிட்டோம். "பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், வீட்டைக் காலி பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டால், அடுத்த மாதமே சாமான் செட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

'குறைந்த வாடகைக்கு அரசாங்கமே வீடு தராதா?' என்பதுதான் என் முதல் கேள்வி. சிங்கப்பூரில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு, அவர்கள் வருமானத்தைப் பார்த்து வாடகை வைத்து அரசு வாரியமே வீடு கொடுக்கிறது. நம் நாட்டில் கொரோனா சமயத்தில், 2020 ஜூலையில், நகரங்களுக்குப் பிழைக்க வந்தவர்களுக்காகக் குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை மத்திய அரசு கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் இரண்டாம் கட்டத்திலும் வாடகை வீட்டுக்கென்று ஒரு பிரிவு உண்டு. நம் மாநிலத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு 'தோழி' விடுதிகள் வந்திருக்கின்றன, சேலத்திலும் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 படுக்கைகளுடன் பெண் தொழிலாளர்களுக்காகப் பெரிய விடுதியைத் திறந்தார்கள்.

எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் தனியாகத் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு விடுதி சரி. கணவன், பிள்ளை, மாமியார் என்று குடும்பத்தோடு இருப்பவர்கள் விடுதிக்குப் போக முடியுமா? எங்களைப் போன்றவர்கள் கேட்கக்கூடியது, பங்குத்தொகை கட்டி வாங்கும் அடுக்குமாடி வீடுதான்.

எந்த அலுவலகத்துக்குப் போவது?

இதிலேயே பாதிப் பேர் குழம்பிவிடுகிறோம். மோகனூர் பேரூராட்சி. ஆகவே எங்களுக்கு நகர்ப்புறத் திட்டம். பக்கத்தில் இருக்கும் ஒருவந்தூர், வளையப்பட்டி எல்லாம் ஊராட்சி; அவர்களுக்குக் கிராமப்புறத் திட்டம். அவர்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டும். கிராமங்களில் குடிசையில் இருப்பவர்களுக்காக 2024-ல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் என்று அறிவித்தார்கள். அதைக் கேட்டுப் பேரூராட்சிக்காரர்கள் மனுப் போட்டால் திரும்பித்தான் வரும்.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பெயர் புதிதாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். 1970-ல் சென்னையில் தொடங்கிய பழைய குடிசை மாற்று வாரியம்தான் இது. பின்னால் மற்ற ஊர்களுக்கும் வந்தது. 2021-ல் பெயரை மாற்றினார்கள். 'குடிசை' என்ற பெயரைப் பார்த்து, "அது நமக்கில்லை" என்று ஒதுங்கி இருந்த வாடகை வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர்! குடிசையில் இருந்தால்தான் என்றில்லை. குடும்பத்தின் வருட வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள் இவர்களில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கேயும் கான்கிரீட் வீடு இல்லையென்றால் கேட்கலாம். இரண்டாம் கட்டத் திட்டத்தில், கடந்த 20 வருஷத்துக்குள் அரசு வீட்டுத் திட்டம் எதிலாவது உதவி வாங்கியிருந்தால் மறுபடி கிடைக்காது.

சொந்தமாகப் பட்டா இடம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: தாங்களே கட்டிக்கொள்ள மானியம். 2015-ல் தொடங்கிய முதல் கட்டத்தில் மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநில அரசு 60 ஆயிரம் என்று 2 லட்சத்து 10 ஆயிரம் கொடுத்தார்கள். ஆனால் பணத்தை மொத்தமாகக் கையில் கொடுப்பதில்லை. அஸ்திவாரம், கூரை, பூச்சு வேலை என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பார்த்துவிட்டுத்தான் வங்கியில் போடுகிறார்கள். முதல் செலவுக்குக் கையில் பணம் வேண்டும். அதற்காகக் கந்துவட்டியில் போய் விழுந்துவிடாதீர்கள் தோழியரே!

சட்டமே நம் பக்கம்

எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். இந்தத் திட்டத்தில் வீட்டைக் குடும்பத் தலைவி பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் தர வேண்டும். குடும்பத்தில் வயது வந்த பெண்ணே இல்லாவிட்டால்தான் ஆண் பெயரில் மட்டும். விதவைகள், தனித்து வாழும் பெண்கள், மாற்றுத் திறனாளிகள், முதியவர்களுக்கு முன்னுரிமையும் உண்டு.

ஆனால் நடப்பு என்ன? நான் ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்தில், "உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா" என்றார்கள். "வீடு யார் பேர்லீங்க வரும்?" என்று கேட்டேன். "உங்க பேர்லதான்." "அப்ப நானேதானுங்களே வந்திருக்கேன்" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் மனுவை வாங்கிக்கொண்டார்கள். பட்டறையில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. வீட்டில் இருக்கும் நாமே போனால் அந்தக் காசும் மிச்சம், நாலு விஷயமும் தெரிந்துகொள்ளலாம்.

வீடு மாறினால் காகிதமும் மாறணும்

வாடகை வீட்டுக்காரர்களுக்குப் பெரிய தலைவலி காகிதம்தான். ஆதாரில் ஒரு முகவரி, ரேஷன் கார்டில் ஒரு முகவரி, வாக்காளர் அட்டையில் பிறந்த வீட்டு முகவரி. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா இனிஷியல், பின்னால் கணவர் இனிஷியல். முகாம் அறிவித்த பிறகு இதையெல்லாம் திருத்த ஓடினால் நடக்காது. இப்போதே எடுத்து வைத்து ஒவ்வொன்றாகச் சரி பாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண், கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போகிறாள். கணவன் விட்டுவிட்டுப் போய் ஆறு வருஷம். முன்னுரிமைப்படி முதலில் நிற்க வேண்டியவள். ஆனால் அவள் பெயர் இன்னும் மாமியார் வீட்டு ரேஷன் கார்டில். பெயரை எடுத்தால் அரிசி குறைந்துவிடும் என்று அவர்கள் விடவில்லை. "எந்த ஊட்லயும் எம்பேரு இல்லீங்களேக்கா" என்று அவள் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் கூடப் போய்த் தாலுகா அலுவலகத்தில் தனிக் கார்டுக்கு மனுக் கொடுத்தோம். விசாரணைக்கு வந்தார்கள், கார்டும் கிடைத்தது. அதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. அந்த வருஷ முகாம் முடிந்துபோயிருந்தது. தனித்து வாழும் பெண்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம் இது.

கைவசம் வைத்திருக்க வேண்டியவை:

* குடும்பத்தில் எல்லோருடைய ஆதார், ரேஷன் கார்டு.

* வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் பதியலாம். நான் எடுத்தபோது கட்டணம் 60 ரூபாய். பழைய சான்று செல்லாது என்பார்கள், புதிதாக எடுங்கள்.

* ஆதார் இணைத்த, நம் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்காகத் திறந்தது இருந்தால் அதுவே போதும்.

* விதவை என்றால் கணவரின் இறப்புச் சான்று. மாற்றுத் திறனாளி என்றால் அதற்கான அட்டை.

* எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். மனுக் கொடுத்தால் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரவே கூடாது.

"பத்தாயிரம் குடுங்க, லிஸ்ட்ல பேர் வந்துரும்" என்று ஒருவர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். நான் கேட்டது ஒன்றுதான்: "ரசீது தருவீங்களா?" அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் வரவில்லை. ஒதுக்கீடு உத்தரவு வந்த பிறகு, வங்கி மூலம் வாரியத்தின் பெயருக்குக் கட்டுவதுதான் பணம். மற்றதெல்லாம் ஏமாற்று. மனு என்ன ஆயிற்று என்றே தெரியாவிட்டால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒப்புகைச் சீட்டு நகலோடு கொடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 2005-லேயே வந்த சட்டம். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினாலே போதும்.

சரி என்று சொல்வதற்கு முன்...

வீடு கிடைத்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. சென்னையில் ஆற்றங்கரையில் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று வெகு தூரத்துக்கு மாற்றியபோது, வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பலர் வேலையை இழந்தார்கள். வீடு இருந்தது, பிழைப்பு இல்லை. ஆகவே இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். பஸ் எத்தனை மணிக்கு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை, மூன்றாவது மாடிக்கு மாமியார் ஏறுவாரா என்று பாருங்கள். வீட்டின் அளவு சுமார் 320 சதுர அடியில் தொடங்கும். நம் கட்டில், பீரோ உள்ளே போகுமா என்றும் யோசியுங்கள். பங்குத்தொகை திட்டத்துக்குத் திட்டம் மாறும், லட்சக் கணக்கில் வரும். அது போக மாதப் பராமரிப்பு. குடியிருப்போர் சங்கம் அமைத்து மக்கள் கட்டும் தொகைக்குச் சமமாக அரசும் கொடுக்கும் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம் 2021-ல் வந்தது. போகும் இடத்தில் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஒதுக்கிய வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, ஒதுக்கீடே ரத்தாகிவிடும்.

எங்கள் மனு ஒப்புகைச் சீட்டு அளவில் நிற்கிறது. வந்தால் பங்குத்தொகைக்கு என் நாலு பவுனை எடுப்பதா, பிள்ளை படிப்புக்கு வைப்பதா என்று வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை. நகை என்னுடையது, வீடும் என் பெயரில் வரும், ஆகவே முடிவும் என்னுடையது என்று என் கணவரே சொல்லிவிட்டார்!

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பங்குத்தொகை கட்ட வழியே இல்லாத குடும்பங்கள் பேரூராட்சிகளில் நிறைய இருக்கின்றன. முட்டை பொறுக்கும் அந்தப் பெண் லட்ச ரூபாய்க்கு எங்கே போவாள்? விடுதிகள் கட்டியது போல, மோகனூர் போன்ற சிற்றூர்களிலும் குறைந்த வாடகையில் குடும்ப வீடுகள் கட்டினால், அவள் பெயரும் ஏதாவது ஒரு கதவில் இருக்கும். அதுவரை தோழியரே, காகிதங்களைச் சரி செய்து ஒரு மஞ்சப் பையில் போட்டு வையுங்கள். முகாம் என்று கேள்விப்பட்டதும் நாமே கிளம்பிவிடலாம்.

- ஒரு வாசகி, மோகனூர்.