கைக்கு வரும் பணமும் வீட்டுக் கணக்கும்

ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்பதில் திருச்சபையில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. அரிசியாகக் கொடுக்கலாம், புடவையாகக் கொடுக்கலாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமாகக் கொடுக்கலாம் என்றால் குருசேகரக் கமிட்டி உடனே இணங்கிவிடும். பணமாகவே கொடுத்துவிடலாமே என்று ஒருவர் எழுந்து சொன்னால் மட்டும் தயக்கம் பிறக்கிறது. பணம் சாராயக் கடைக்குப் போய்விடும், வீணாகிவிடும், உழைக்கும் மனம் குன்றிவிடும் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்வர். இவ்வச்சம் மெய்தானா என்பதை ஆராயாமலே நாம் பல்லாண்டுகளாக அதன்படி நடந்து வந்துள்ளோம். இப்பொழுது ஆராய்வதற்கு ஏதுவான நிகழ்ச்சி நம் கண்முன்னேயே நடந்திருக்கிறது.

தமிழக அரசு கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை 2023 செப்டம்பர் 15 ஆம் நாள் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. தகுதியுள்ள குடும்பத் தலைவி ஒருவருக்கு மாதந்தோறும் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படும் என்பது ஏற்பாடு. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பம், ஐந்து ஏக்கருக்கு மேற்படாத நன்செய் அல்லது பத்து ஏக்கருக்கு மேற்படாத புன்செய், ஆண்டில் 3,600 யூனிட்டுக்கு மேற்படாத வீட்டு மின்சாரம் என்பன அன்றைய வரம்புகள். தொடக்கத்தில் ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். இதற்கு உதவித் தொகை என்று பெயரிடாமல் உரிமைத் தொகை என்று பெயரிட்டதை நாம் கவனித்தல் வேண்டும். பெண் வீட்டில் செய்யும் கூலியில்லாத உழைப்பை அரசு ஏற்றுக்கொள்ளும் அடையாளம் இது என்பதே அப்பெயருக்குச் சொல்லப்பட்ட காரணம்.

நாட்றம்பள்ளி வட்டாரத்தில் இத்தொகை என்ன ஆயிற்று என்று பார்ப்போம். 2019 இல் வேலூர் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்ட திருப்பத்தூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் வாணியம்பாடிக்கு மேற்கே அமைந்த ஊர் இது. மழையை நம்பிய நிலக்கடலை, கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மா; ஆயினும் இங்குள்ள ஏழைக் குடும்பங்கள் நிலத்தை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. வீட்டில் ஒருவர் வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ தோல் தொழிற்சாலைக்குப் போகிறார். மகள் கம்பெனி வண்டியில் ஷூ கம்பெனிக்குச் செல்கிறாள். வெளியே போக இயலாத தாய் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஷூவின் மேற்பாகத்தை ஊசியால் தைக்கிறார், அல்லது பீடி சுற்றுகிறார். ஜோடிக்கு இவ்வளவு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும் கூலி அது. ஏஜெண்ட் மூட்டை கொண்டு வந்தால் வேலையுண்டு, வராவிட்டால் இல்லை. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் அது முதலில் இந்தத் திண்ணையில்தான் தெரியும்.

இத்தகைய குடும்பத்தின் துன்பம் வருமானம் குறைவு என்பது மட்டுமன்று. அது எப்பொழுது வரும் என்று தெரியாமையும் அதே அளவு துன்பம். ஷூ கம்பெனிச் சம்பளம் மாதத் தொடக்கத்தில் வருகிறது. அது வருமுன்பே மளிகைக் கடைப் பற்றும், குழுக் கடன் தவணையும், பிள்ளையின் வேன் கட்டணமும் அதைப் பங்கிட்டுக்கொண்டுவிடும். பதினைந்தாம் தேதி வாக்கில் வீட்டில் கையிருப்பு இராது. உரிமைத் தொகை அந்த நாட்களில்தான் கணக்கில் ஏறியது. இத்தேதி எக்காரணத்தால் குறிக்கப்பட்டதாயினும், மாத நடுவிலுள்ள பள்ளத்தில் சரியாக வந்து விழுந்தது. அடுத்த மாதமும் வரும் என்ற நம்பிக்கை, தொகையின் அளவைப் போலவே பயன் தந்தது.

எதற்குச் செலவிட்டீர்கள் என்று அதிகாரியைப் போலக் கேட்டால் எவரும், பிள்ளைகளுக்குத்தான், என்று ஒரே விடை சொல்வர். சபைச் சந்திப்புகளில் பேச்சோடு பேச்சாக நாம் அறிந்தவை வேறு விதம். எரிவாயு உருளை வாங்கினார்கள். சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரையை மாதம் தவறாமல் வாங்கினார்கள். சீட்டுக் கட்டினார்கள். அடகிலுள்ள கம்மல் மூழ்கிப் போகாதபடி வட்டி கட்டினார்கள். அரிசி வாங்கினோம் என்று சொன்னவர் மிகச் சிலர். காரணம் எளிது. 2011 ஜூன் முதல் தமிழகத்தில் அரிசி அட்டைக்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைத்து வருகிறது. எனவே கையில் வரும் பணம் கடை தராத பொருள்களைத் தேடிச் செல்கிறது: பால், முட்டை, காய்கறி, ஞாயிற்றுக்கிழமைக் கறி. சோற்றுக்கு அரிசியிருந்தும் குழம்பில் போட ஒன்றுமில்லாத வீட்டுக்கு நாம் மறுபடியும் அரிசி மூட்டை கொண்டுபோய் இறக்கி வைக்கிறோமே, அங்குள்ள தாய் அதைக் குறைந்த விலைக்கு விற்றால் கோபமும் கொள்கிறோமே, அது என்ன நியாயம்?

கடனுக்குச் செல்லும் பணத்தைப் பலர் வீணான பணம் என்று எண்ணுகின்றனர். இதைச் சற்று விரிவாகக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். ஒரு பெண் பிரசவச் செலவுக்காகப் பத்தாயிரம் ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்று கொள்வோம். மாதம் 500 ரூபாய் வட்டி. அவரால் அந்த ஐந்நூறைத்தான் கட்ட முடிகிறது என்றால், ஓராண்டில் ஆறாயிரம் கட்டிய பின்னும் முதல் அப்படியே நிற்கும். பத்தாண்டு கட்டினாலும் நிற்கும். அந்த ஐந்நூறுக்குப் பதிலாக மாதம் ஆயிரமாகக் கட்ட முடிந்தால், வட்டி போக மிஞ்சுவது முதலில் கழிந்து, பதினைந்தாம் மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். ஆயுள் முழுதும் தொடரும் கட்டுக்கும் பதினைந்து மாதத்தில் பெறும் விடுதலைக்கும் இடையே நிற்பது மாதம் ஐந்நூறு ரூபாய்தான். ஆனால் கடன் கொடுப்பவனும் இக்கணக்கை அறிந்தவனே. மாதம் ஆயிரம் உறுதியாக வருகிறது என்று கண்டு, அதையே ஈடாக எண்ணிப் புதிய கடன் கொடுக்க முன்வருகிறான், ஏ.டி.எம். அட்டையையே வாங்கி வைத்துக்கொள்பவனும் உண்டு. எந்திரக்கல்லை ஈடாக வாங்கலாகாது என்ற உபாகமம் 24:6 இன் விதியை வகுப்பில் விளக்கும்போது, இந்த அட்டையை எடுத்துக்காட்டாகச் சொன்னால் மாணவர் உடனே புரிந்துகொள்வர். தனியார் மட்டுமல்லர். 2023 செப்டம்பரில் முதல் தவணை வந்தபோதே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதிற் பிடித்தம் செய்வதாகப் புகார் எழுந்தது. அவ்வாறு செய்தலாகாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவிக்க வேண்டியதாயிற்று.

இனி, குடியைப் பற்றி. இவ்வட்டாரத்தில் குடி இல்லையென்று சொல்பவர் இவ்வட்டாரத்தை அறியாதவர். ஆனால் உதவிப் பணம் குடியைப் பெருக்குகிறதா என்பது வேறு கேள்வி. உலக வங்கியின் டேவிட் எவன்சும் அன்னா பொப்போவாவும் பல கண்டங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014 இல் வெளியிட்ட அறிக்கை, பண உதவியால் மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடுவதில்லை என்றே காட்டிற்று. மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பு யுனிசெப் துணையுடன் 2011, 2012 ஆம் ஆண்டுகளில் சில கிராமங்களில் முயன்று பார்த்தது. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைக்கு 100 ரூபாய் என்று நிபந்தனையின்றிக் கொடுத்து, பின்னர் அதை 300, 150 ஆக உயர்த்தினர். உணவு சீர்பட்டது, பள்ளி வருகை கூடியது, ஆடு மாடு பெருகின, கூலிக்குப் போனவர் தம் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தனர். குடி பெருகவில்லை, சோம்பலும் பெருகவில்லை.

எனினும் பணம் வேறொரு வழியாகக் கரைவதை நாம் கண்டிருக்கிறோம். உனக்குத்தான் ஆயிரம் வருகிறதே என்று சொல்லி, கணவன் தான் வீட்டுக்குக் கொடுத்து வந்த பணத்தில் ஐந்நூறைக் குறைத்துவிடுகிறான். மனைவி ஒரு காசையும் வீணாக்கவில்லை. கணவனும் அவள் கையிலிருந்து பறிக்கவில்லை. ஆயினும் அரசு கொடுத்ததில் பாதி அவனுடைய பையில் தங்கிவிட்டது. புள்ளிவிவரத்தில் இது எளிதில் அகப்படாது. ஆயர் வீடு சந்திக்கையில் இது அகப்படும், அவர் பெண்களின் பேச்சுக்குச் செவிகொடுப்பவராயின்.

மாதந்தோறும் சிறு தொகையா, ஒரே தடவை பெருந்தொகையா என்ற கேள்வியும் உண்டு. மேற்குக் கென்யாவில் ஜோஹன்னஸ் ஹாஸ்ஹோஃபரும் ஜெரமி ஷப்பீரோவும் ஆராய்ந்து 2016 இல் வெளியிட்ட முடிவின்படி, மாதத் தொகை பெற்றவர் உணவில் தேறினர். மொத்தத் தொகை பெற்றவர் கூரைத் தகடு போன்ற நிலைத்த பொருள்களை வாங்கினர். நம் மக்கள் இதைத் தாமாகவே அறிந்திருக்கிறார்கள். மாதத் தொகையை மொத்தத் தொகையாக்கும் கருவி அவர்களிடம் முன்பே உண்டு. அதன் பெயர் சீட்டு. அதை எடுத்துக் கூரையும் மாற்றுவர், மகளின் மஞ்சள் நீராட்டும் நடத்துவர். பின்னதை ஊதாரித்தனம் என்று பிரசங்கிப்பவர், மொய்ப் பணம் என்பது ஊரார் ஒருவருக்கொருவர் கொடுத்துத் திரும்பப் பெறும் கைம்மாற்று என்பதையும் எண்ணிப் பார்ப்பாராக.

பணத்தால் ஆகாதவையும் உண்டு. இந்தத் தோல் பதனிடும் வட்டாரத்தில் அதைச் சொல்லாமற் போவது நேர்மையாகாது. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் தோல் தொழிற்சாலைக் கழிவு கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 இல் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. 2001 இல் அதற்கென அமைந்த ஆணையம் 29,193 குடும்பத்தாருக்கும் தனியாருக்கும் ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. பங்கிட்டால் தலைக்குப் பத்தாயிரமும் வரவில்லை. 2025 ஜனவரி 30 இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே ஆற்றைப் பற்றித் தீர்ப்பளிக்க நேர்ந்ததென்றால், பணம் கொடுத்ததனால் நீர் தெளியவில்லை என்பது விளங்கும். கிணற்றைத் தனியொரு குடும்பம் தன் ஆயிரத்தைக் கொண்டு நன்னீராக்கிக்கொள்ள முடியாது. அரசோ திருச்சபையோ பணத்தைக் கொடுத்துவிட்டு, கிணற்றையும் மருத்துவமனையையும் கூலி விகிதத்தையும் பற்றிப் பேசாமலிருக்க அதையே காரணமாக்குமாயின், அது உதவியாகாது.

இவற்றின் நடுவே நமது சொந்த நிவாரண நிதியை எவ்வாறு நடத்துவது? உபாகமம் 24:10, 11 இல் ஒரு விதி உண்டு. கடன் கொடுத்தவன் அடகு வாங்க ஏழையின் வீட்டுக்குள் நுழையலாகாது; வெளியே நிற்க வேண்டும்; உள்ளிருந்து எதைக் கொண்டுவருவது என்பதை அந்த வீட்டார் தீர்மானிப்பர். ஏழையின் வாசற்படிக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் நியாயப்பிரமாணத்தைப் படிக்கும் நாம், உதவி பெற்றவரின் சமையலறையில் எட்டிப் பார்த்து, தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதா என்று குறித்துக்கொள்கிறோம். தசமபாகத்தைப் பணமாக்கிக் கொண்டு செல்லும் தூரப் பயணியைப் பற்றிய 14:24-26 இன்னும் துணிகரமானது. அவன் தன் மனம் விரும்பும் எதையும் அப்பணத்துக்கு வாங்கலாம் என்று அங்கே இடங்கொடுக்கப்படுகிறது. திராட்சரசமும் அப்பட்டியலில் உண்டு. நிவாரண நிதியைப் பற்றிய கூட்டங்களில் இப்பகுதி வாசிக்கப்பட்டு நாம் கேட்டதில்லை.

நடைமுறையில் நாம் பரிந்துரைப்பவை சிலவே. கொடுப்பதைக் குறித்த தேதியில், பெண்ணின் கையில், பணமாகவே கொடுக்க வேண்டும். ஆராதனையில் பெயர்ப் பட்டியல் வாசிப்பதும், மேடையில் வரிசையாக நிறுத்திப் புகைப்படம் எடுப்பதும் ஒழிய வேண்டும். நிதி சிறிதாயின், நூறு பேருக்கு நூறு ரூபாய் என்று தூவுவதைவிட, பத்துக் குடும்பங்களுக்கு ஓராண்டு முழுவதும் மாதந்தோறும் தவறாமல் கொடுப்பது மேல். ஏனென்று மேலே கண்ட வட்டிக் கணக்கு காட்டும்.

அப்பத்துப் பேர் யார் என்பதற்கு, அரசின் திட்டத்திலிருந்து விடுபட்டவர்களை முதலில் நோக்கலாம். ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண் என்ற விதியால் மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருக்கும் வீட்டில் ஒருவருக்கே தொகை கிடைத்தது. கணவனால் கைவிடப்பட்டவளின் நிலை இன்னும் கடினம். அவள் பிள்ளைகளுடன் தாய்வீட்டுத் திண்ணையில் ஷூ தைத்துக்கொண்டிருப்பாள். அவள் பெயரோ கணவனின் அட்டையிலேயே இருக்கும், அந்த அட்டையில் குடும்பத் தலைவி அவனுடைய தாயாயிருப்பாள். பெயர் நீக்கச் சான்றுக்கு அவன் இணங்குவதில்லை. இத்தகையவருக்கு மனு எழுதிக் கொடுத்து, வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு உடன் சென்று, மறு மாதம் மறுபடியும் உடன் செல்லும் ஆயர் ஒருவர் வேண்டியிருக்கிறார்.