தாது போன பிறகு தங்கும் சேறு

2019 ஜனவரி 25, பிற்பகல் 12.28. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் புருமாஜின்யோ ஊருக்குப் பக்கத்தில் இருந்த இரும்புச் சுரங்கம் ஒன்றின் கழிவுச் சேற்றணை சரிந்தது. உயரம் 86 மீட்டர், நீளம் 720 மீட்டர். உள்ளே தேக்கி வைத்திருந்ததில் முக்கால் பங்கு, ஏறத்தாழ 97 லட்சம் கன மீட்டர் சேறு, ஐந்து நிமிடத்துக்குள் கீழே இறங்கிவிட்டது. சுரங்கத்தின் அலுவலகமும் தொழிலாளர் உணவகமும் அணைக்கு நேர்கீழே இருந்தன. சாப்பாட்டு நேரம். அபாயச் சங்கு ஊதவில்லை. 270 பேர் இறந்தார்கள்.

அந்த அணையில் 2016க்குப் பிறகு புதிதாக ஒரு கூடை சேறுகூடக் கொட்டப்படவில்லை. அன்று நிலநடுக்கமும் இல்லை. நான்கு மாதம் முன்புதான், டூவ் சூட் என்ற ஜெர்மன் நிறுவனம் அணை உறுதியாக இருப்பதாகச் சான்று தந்திருந்தது. நீரழுத்தம் அளக்கும் குழாய்கள் இருந்தன, அசைவைப் பார்க்க ரேடாரும் இருந்தது. சுரங்கத்தை நடத்திய வாலே, உலகின் மிகப் பெரிய இரும்புத்தாது நிறுவனங்களில் ஒன்று. ஏழை நாட்டில், கள்ளத்தனமாக, கவனக்குறைவாக நடந்த வேலை என்று இதைத் தள்ளிவிட முடியாது.

சுரங்க ஆபத்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குழிதான்: கூரை இடிவது, வாயு வெடிப்பது, வெள்ளம் புகுவது. குழியை மூடினால் அந்த ஆபத்துகள் பெரும்பாலும் குழியோடு முடிந்துவிடும். கழிவுச் சேறு அப்படி முடிவதில்லை. அது ஏன் இவ்வளவு சேருகிறது என்று புரிய, தாது எப்படித் தாதுவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நிலவியலாளர்கள் காந்தப்புல அளவீட்டையும் மண்ணின் வேதியியலையும் வைத்து இடத்தைக் குறுக்கி, வைரமுனைத் துளைக்கருவியால் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து தண்டு தண்டாகப் பாறையை வெளியே எடுத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் எந்தப் பாறை தாது என்பதை இறுதியில் தீர்மானிப்பது சந்தை. எடுக்கும் செலவைவிட உள்ளிருக்கும் உலோகத்தின் விலை அதிகமானால் அது தாது, குறைந்தால் வெறும் கல். விலை ஏறினால் நேற்றைய கல் இன்று தாது.

1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிங்ஹாம் கேன்யனில், 2 சதவீதம் மட்டுமே செம்பு கொண்ட பாறையை வெட்டலாம் என்று டேனியல் ஜாக்லிங் என்ற பொறியாளர் சொன்னபோது சுரங்க உலகம் நம்பவில்லை. இன்று அரை சதவீதத் தாதுவைப் பல சுரங்கங்கள் சாதாரணமாக வெட்டுகின்றன. அந்தத் தரத்தில் ஒரு டன் செம்புக்கு 200 டன்னுக்கு மேல் பாறையை அரைக்க வேண்டும். தங்கத்தில் கணக்கு இன்னும் மோசம். டன்னுக்கு ஒரு கிராம் கொண்ட பாறையில் நடக்கும் திறந்தவெளிச் சுரங்கங்கள் பல. ஒரு பவுன் நகைக்கு அங்கே சுமார் எட்டு டன் பாறை தேவைப்படும். இது ஆலைக்குள் போகும் பாறை மட்டுமே. தாதுவுக்கு மேலே கிடந்து அகற்றப்பட்ட பாறை தனி. ஒரு மின்சாரக் காருக்கு சுமார் 80 கிலோ செம்பு வேண்டும் என்கிற காலத்தில் இந்தக் கணக்கு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அரைப்பது என்றால் ஜல்லியாக அல்ல. சுழலும் பெரிய உருளைக்கலன்களுக்குள் இரும்புக் குண்டுகளோடு போட்டு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மாவாக்குகிறார்கள். அப்போதுதான் உலோகத் துகள் கல்லைவிட்டுப் பிரியும். செம்பென்றால் அந்த மாவுக்கரைசலில் வேதிப்பொருள் கலந்து காற்றை ஊத, செம்புக் கனிமம் நுரையோடு ஒட்டி மேலே வரும். தங்கமென்றால் சயனைடு கரைசல் அதைக் கரைத்து எடுக்கும். இரண்டிலும் வேண்டியது கொஞ்சம், மிச்சமெல்லாம் தண்ணீரும் கல்மாவும். பாறையாக இருந்ததைவிட மாவாக அது அதிக இடத்தை அடைக்கிறது என்பதால், வெட்டிய குழிக்குள் முழுவதையும் திருப்பிப் போடவும் முடியாது. எங்காவது தேக்க வேண்டும். பெரும்பாலும் பக்கத்துப் பள்ளத்தாக்கில்.

தவறு தொடங்குவது தேக்கும் முறையில். நீர்த்தேக்கத்துக்கு அணையை முதலில் முழுதாகக் கட்டி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் விடுவார்கள். சேற்றணை அப்படியல்ல; சுரங்கம் ஓட ஓட அதுவும் வளரும். முதலில் சிறிய மண்சுவர். அதன் உட்புறமாகச் சேற்றைக் கொட்டினால், கனத்த மணல் சுவரோரம் தங்கும், மெல்லிய களி தள்ளிப் போகும். மணல் இறுகியதும் அதன்மேலேயே, சற்று உள்தள்ளி, அடுத்த சுவர். அதன்மேல் இன்னொன்று. செலவு குறைவு; வெளிப்புறமாக அகட்டி உயர்த்தினால் பல மடங்கு மண் வேண்டும். ஆனால் உள்தள்ளிக் கட்டும் முறையில் இரண்டாம் அடுக்கிலிருந்து அணை நிற்பதே தான் தடுக்கவேண்டிய சேற்றின் மேல்தான்.

நனைந்த கடற்கரை மணல் மேல் நின்று பாருங்கள், கல் போலத் தாங்கும். அதே இடத்தில் நாலு முறை குதித்தால் நீர் கசிந்து, கால் புதையும். மணிகளுக்கு இடையே இருக்கும் நீர் சட்டென்று சுமையைத் தன்மேல் வாங்கிக்கொள்ள, மணிகளின் பிடி விட்டுப்போகிறது. நீர் ஊறிய சேற்றணைக்குள் இது நடந்தால் திடப்பொருள் என்று நினைத்தது ஒரு கணத்தில் திரவமாக ஓடும். அதிர்ச்சி தேவையில்லை. நீண்ட மழை, மெல்ல மெல்ல ஏறும் பளு, உள்ளேயே நடக்கும் நுண்ணிய நகர்வு, இவை போதும்.

புருமாஜின்யோவை ஆராய்ந்த நான்கு நிபுணர்களின் குழு 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை அதையே சொல்கிறது. அணையின் முகப்பு கடுஞ்சரிவாக இருந்தது. ஒரு கட்டத்தில் சுவரை உள்தள்ளி அமைத்ததால் மேல் அடுக்குகள் மெல்லிய, வலுக்குறைந்த களிக்கு மேல் வந்துவிட்டன. உள்ளே போதிய வடிகால் இல்லை, நீர்மட்டம் உயரவே நின்றது. இதோடு இன்னொன்றும்: கழிவிலேயே இரும்பு மிகுதி என்பதால் மணிகள் துரு போன்ற பிணைப்பால் ஒட்டிக்கொண்டு, பொருள் விறைப்பாக இருந்தது. பார்வைக்கு அது பலம். உண்மையில் வளையாமல் முறியும் குணம். அதனால்தான் ரேடாரும் கருவிகளும் கடைசிவரை பெரிய அசைவு எதையும் காட்டவில்லை. வீங்குவதும் விரிசல் விடுவதும் முன்னறிவிப்பு என்று நம்பியிருந்தவர்களுக்கு இந்த அணை அப்படி எதையும் தரவில்லை. என்னைக் கேட்டால், முழு அறிக்கையிலும் மிகவும் அச்சுறுத்துவது இந்த ஒரு செய்திதான்.

மூன்று ஆண்டு முன்பே, 2015 நவம்பர் 5 அன்று, அதே மாநிலத்தின் மரியானாவில் ஃபுண்டாவ் என்ற சேற்றணை உடைந்திருந்தது. அதை நடத்திய சமார்க்கோ நிறுவனத்தின் இரு பங்காளிகளில் ஒன்று இதே வாலே, மற்றது பி.எச்.பி. என்ற சுரங்க நிறுவனம். 19 பேர் இறந்தார்கள், பென்டோ ரோட்ரிகெஸ் என்ற கிராமம் புதைந்தது, சேறு தோசே ஆற்றின் வழியே 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக்கைத் தொட்டது. அங்கும் சுவரை உள்தள்ளியதில் மணல் அடுக்கு களிக்கு மேல் அமர்ந்திருந்தது. அதற்குப் பிறகும் புருமாஜின்யோவில் உணவகத்தை அணைக்கு அடியிலிருந்து மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் செய்யவில்லை.

இதைவிடப் பழைய பாடமும் உண்டு. 1965இல் சிலியில் நிலநடுக்கத்தால் எல் கோப்ரே சேற்றணைகள் உடைந்து 200 பேருக்கு மேல் மாண்டார்கள். 1970இல் சிலி உள்தள்ளிக் கட்டும் முறையைத் தடைசெய்தது. பிரேசில் அதே தடையைச் சட்டமாக்கியது 2020இல், ஐம்பது ஆண்டு கழித்து. பழைய அணைகளைக் கலைக்க 2022 பிப்ரவரிவரை கெடு வைத்தார்கள். பல அணைகள் அதைத் தாண்டியும் நின்றன. சோம்பல் மட்டும் காரணமல்ல. பலமற்ற அணையில் இயந்திரத்தை ஏற்றிச் சேற்றைத் தோண்டுவதே அதை உலுக்கக்கூடும்.

சான்று விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அணையைச் சோதிக்கும் நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பது அணையின் உரிமையாளர். சோதனையாளர் கண்டிப்பாக இருந்தால் அடுத்த ஒப்பந்தம் வேறொருவருக்குப் போகும். இந்த உறவு மாறாதவரை எந்தச் சான்றையும் தேதி பார்த்து வாங்கி வைத்துக்கொள்ளலாம், நம்பிக் கீழே வீடு கட்ட முடியாது. 2020 ஆகஸ்டில் வந்த உலகளாவிய சேற்றணைத் தரநிலை சுயேச்சையான மீளாய்வைக் கேட்கிறது. அது சட்டமல்ல, ஏற்பவர்களுக்கு மட்டும்.

இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. 2019 ஏப்ரலில் ஜார்க்கண்டின் முரியில், அலுமினா ஆலையொன்றின் செஞ்சேற்றுக் குவியல் சரிந்து சுற்றுப்புறத்தில் பரவியது. கோலார் தங்கவயலோ தமிழர்களின் ஊர். வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று மாவட்டங்களிலிருந்தும் போனவர்கள் தலைமுறைகளாக வெட்டிய சுரங்கம். 2001இல் மூடினார்கள். ராபர்ட்சன்பேட்டையையும் சாம்பியன் ரீஃபையும் சுற்றி, தங்கத்தைக் கரைத்து எடுத்த பின் கொட்டிய கழிவு சயனைடு மேடுகளாக நிற்கிறது: 13 மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன். பெயரில் இருக்கும் சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். நுண்ணிய கல்தூசு சிதையாது. கோடைக்காற்றில் அது வீட்டுக்குள் வருகிறது, மழையில் சரிவை அறுத்துக் கீழே ஓடுகிறது.

அந்த மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் மிச்சமிருப்பதாக மதிப்பீடு. விலை ஏறிவிட்டதால் அது மீண்டும் தாதுவாகிவிட்டது. மேடுகளை ஏலத்தில் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மேடு இன்று காய்ந்து கிடப்பதால் ஓடாமல் நிற்கிறது. ஆலையில் போட்டுக் கரைப்பதென்றால் அத்தனையும் திரும்பச் சேறாகும். தங்கம் எடுத்த பின்னும் 3.3 கோடி டன் அப்படியே மிஞ்சும். தண்ணீரைப் பிழிந்து வறண்ட கட்டியாக அடுக்கும் முறை இருக்கிறது, செலவு கூடுதல். எந்த முறை, எந்த நிலத்தில், மீளாய்வாளருக்குச் சம்பளம் யார் கொடுப்பது, குத்தகை முடிந்த பிறகு அணையைப் பார்த்துக்கொள்ளும் பணம் எந்தக் கணக்கில் முன்கூட்டியே கட்டப்படும் என்பவை ஏல ஆவணத்தில் எழுதப்பட வேண்டியவை. ராபர்ட்சன்பேட்டைக்காரர்கள் அவற்றைக் கேட்க வேண்டிய நேரம் குத்தகை கையெழுத்தாவதற்கு முன்புதான்.