ஐவி-18 குழாயை ஒளிரவைக்க

பழைய விசிஆர் கடிகாரத்திலும் மைக்ரோவேவ் அடுப்பிலும் நீலப்பச்சையாக ஒளிர்ந்த எண்கள் நினைவிருக்கும். அவை விஎஃப்டி, அதாவது வேக்யூம் ஃப்ளோரசன்ட் டிஸ்ப்ளே. சோவியத் கால்குலேட்டர்களுக்காகச் செய்த ஐவி-18 குழாய் அதே இனம்தான். ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் எட்டு இலக்கங்கள், ஓரத்தில் ஒரு குறி. வீட்டில் கடிகாரம் செய்பவர்கள் இதை இன்றும் விரும்பித் தேடுகிறார்கள்.

உள்ளே மூன்று பகுதிகள். மெல்லிய ஃபிலமென்ட் சூடாகி எலக்ட்ரான்களை உமிழும். அவற்றைக் கடக்க விடுவதா, தடுப்பதா என்பது கிரிட்டின் வேலை. கடந்தவை ஆனோடில் பூசிய துத்தநாக ஆக்சைடில் மோதி ஒளியாகின்றன.

ஆகவே இரண்டு மின்சாரம் தேவை: ஃபிலமென்ட்டுக்கு 5 வோல்ட், சுமார் 85 மில்லிஆம்பியர்; ஆனோடு, கிரிட்டுக்குச் சுமார் 50 வோல்ட். பலரும் 50 வோல்ட்டைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள். 12 வோல்ட் அடாப்டரும் ஒரு பூஸ்ட் கன்வர்ட்டரும் இருந்தால் அது கிடைத்துவிடும். உண்மையில் கவனம் வேண்டியது ஃபிலமென்ட்டில்தான்; குழாயின் ஆயுளும் அழகும் அதைப் பொறுத்தவை.

ஃபிலமென்ட் குழாயின் நீளம் முழுக்க ஓடுகிறது. அதற்கு டிசி கொடுத்தால் ஒரு முனை 0 வோல்ட், மறுமுனை 5 வோல்ட். நேர்முனைப் பக்கத்தில் ஆனோடு வரை உள்ள மின்னழுத்தம் அந்த 5 வோல்ட் குறைவதால் அங்குள்ள இலக்கங்கள் மங்கலாகத் தெரியும். ஏசி கொடுத்தால் இந்த ஏற்றத்தாழ்வு இருக்காது. வீட்டு 50 ஹெர்ட்ஸ் ஏசியைவிடப் பல கிலோஹெர்ட்ஸ் நல்லது. 50 ஹெர்ட்ஸ் இலக்கம் மாறும் வேகத்தோடு மோதி லேசான துடிப்பைக் காட்டக்கூடும்.

அணைந்திருக்க வேண்டிய செக்மென்ட் மங்கலாகத் தெரிவது அடுத்த தொல்லை. கிரிட்டை 0 வோல்ட்டுக்கு இறக்கினால் மட்டும் போதாது, அது ஃபிலமென்ட்டைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கு ஃபிலமென்ட்டையே உயர்த்திவிடுவதுதான் வழி. ஃபிலமென்ட்டுக்கு ஏசி கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையைச் சுமார் 5 வோல்ட் ஜீனர் வழியாகத் தரையோடு இணையுங்கள். எல்லா செக்மென்ட்டும் அணைந்திருக்கும்போதும் ஜீனர் வேலைசெய்ய, 50 வோல்ட்டிலிருந்து அதற்கு ஒரு ரெசிஸ்டர் போடுங்கள்.

ஐவி-18-இல் எல்லா இலக்கங்களிலும் ஒரே இடத்தில் உள்ள செக்மென்ட்கள் உள்ளேயே ஒன்றாக இணைக்கப்பட்டவை. எந்த இலக்கம் ஒளிர வேண்டும் என்பதைக் கிரிட் முடிவு செய்கிறது. எனவே ஒவ்வொன்றாக, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குறியையும் சேர்த்து ஒன்பது இடங்கள் என்பதால், ஒவ்வொரு இலக்கமும் மொத்த நேரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் ஒளிர்கிறது. தனி இலக்கக் குழாயான ஐவி-6-க்கு 25 வோல்ட் போதுமாக இருக்க, இதற்கு 50 வோல்ட் தேவைப்படுவது அதனால்தான்.

எட்டு செக்மென்ட், ஒன்பது கிரிட், மொத்தம் 17 வெளியீடுகள். மேக்ஸ்6921 டிரைவர் ஐசியில் 20 உண்டு, 76 வோல்ட் வரை தாங்கும், மைக்ரோகண்ட்ரோலரின் சில பின்களிலேயே அடங்கிவிடும். யுஎல்என்2003 இதற்குத் தனியாக உதவாது. அது தரைக்கு இழுக்கும் ஐசி, இங்கே மேலே 50 வோல்ட்டைக் கொடுக்கும் டிரைவர்தான் வேண்டும். இலக்கம் மாறும் கணத்தில் எல்லா வெளியீட்டையும் அணைத்துவிட்டு, புதிய தகவலை ஏற்றிய பிறகு திறந்தால் பக்கத்து இலக்கத்தில் நிழல் விழாது.

முதல் சோதனையில் 50 வோல்ட்டை இணைக்காமல், இருட்டறையில் ஃபிலமென்ட்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். கம்பி தெரிந்தும் தெரியாமலும் மங்கிய சிவப்பில் இருந்தால் சரி. ஆரஞ்சு நிறத்தில் பளிச்சிட்டால் உடனே அணைத்து மின்னழுத்தத்தைக் குறையுங்கள். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவு கிலோஹெர்ட்ஸ் அலையைச் சரியாகக் காட்டாது, எனவே அதை நம்பி 5 வோல்ட் என்று முடிவுசெய்ய வேண்டாம்.