தாய்மையும் மனச்சோர்வும்
(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

என் அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வீடெங்கும் மகிழ்ச்சி. அக்கா மட்டும் சுவரைப் பார்த்தபடியே படுத்திருப்பாள். பிள்ளை அழுதாலும் திரும்ப மாட்டாள். "பெற்ற பிள்ளைமேல் பாசமில்லாதவளும் உண்டா?" என்றார் அத்தை. நானும் அப்படித்தான் எண்ணினேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பதைக் கல்லூரிக்கு வந்த பின்னரே உணர்ந்தேன்.

கருவுற்ற காலத்தில் தாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் பெருகுகிறது. அதிலிருந்து அல்லோபிரெக்னனோலோன் என்னும் பொருள் உண்டாகிறது. மூளைக்கு அமைதி தரும் காபா என்னும் வேதிப்பொருளுக்கு இது துணை நிற்கிறது. மகப்பேற்றுக்குப் பின் இதன் அளவு திடீரெனச் சரிகிறது. இச்சரிவு எல்லாத் தாய்மார்க்கும் உண்டு. சிலருடைய மூளையே அதைத் தாங்க இயலாமல் தவிக்கிறது.

2008-இல் மகுவயர், மோடி ஆகிய அறிஞர்கள் காபா ஏற்பியின் ஒரு கூறு இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தனர். அவை ஈன்ற குட்டிகளைப் பேணாமல் விட்டன. அச்சுண்டெலியைப் பாசமற்றது என்று பழிப்போர் உண்டோ?

குறைந்துபோன பொருளையே திருப்பிக் கொடுத்தால் என்ன? அம்முயற்சியே பிரெக்சனோலோன் என்னும் மருந்து. அமெரிக்காவில் முதலில் 4 தாய்மார்க்கு அதனை நரம்பு வழியே ஏற்றினர். நால்வரும் தேறினர். ஆயினும் நம்பிக்கையாலேயே நோய் தணிவதும் உண்டல்லவா? எனவே அடுத்து 21 பேரில் 10 பேருக்கு மருந்தும், 11 பேருக்கு மருந்தில்லாத நீரும், யாருக்கு எது என்று தெரியாவண்ணம் ஏற்றினர். 60 மணி நேர முடிவில் மருந்து பெற்றவருள் 7 பேர் சோர்வு நீங்கினர், மற்றவருள் ஒருவரே. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் இவ்வேறுபாடு குறைந்தாலும் பயன் உறுதியாயிற்று. 2019 மார்ச்சில் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அனுமதி அளித்தது.

குறைகளும் இருந்தன. 60 மணி நேரமும் மருத்துவக் கண்காணிப்பில் இருக்கவேண்டியிருந்தது. நினைவிழக்கும் அபாயம் இருந்தது. விலையோ மிக அதிகமாக இருந்தது. 2023 ஆகஸ்டில் சுரனோலோன் என்னும் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. நாள்தோறும் மாலையில் 14 நாட்கள் உட்கொண்டால் போதும்.

என் அக்கா பழைய மாத்திரைகளாலும் மருத்துவரின் பரிவான பேச்சாலுமே நலம் பெற்றாள். ஆனால் அவளை அழைத்துச் செல்வதற்கு நாங்கள் நான்கு மாதம் கடத்திவிட்டோம். அந்த நான்கு மாதத்தை எந்த மருந்தும் அவளுக்குத் திருப்பித் தராது. நண்பர்களே, உங்கள் இல்லத்தில் ஒரு தாய் இப்படிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், பழி கூறாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.