எக்ஸ்எம்எல் ஆவணத் தேடல்: விடையின் அளவு தெரிந்தால் தரவுத்தளம் தெரியும்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்று அலுவலகம், அந்நாட்டின் அயலுறவு ஆவணத் தொகுதிகளை இணையத்தில் வைத்திருக்கிறது. 1861-ல் தொடங்கிய வரிசை அது. தொகுதிக்கு ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு என்பது ஏற்பாடு. ஒரே கோப்புக்குள் ஏராளமான தந்திகள், குறிப்பாணைகள், உரையாடல் பதிவுகள், அவற்றுக்கான அடிக்குறிப்புகள். 1971 வங்கதேசப் போரைப் பற்றித் தேடுகிறவரிடம் தொகுதியின் பெயரைச் சொல்லி அனுப்பினால் போதாது, அவருக்கு அந்தக் குறிப்பிட்ட தந்தி வேண்டும். இத்தகைய தொகுப்புகளுக்குத் தரவுத்தளம் தேடுவோர் பெரும்பாலும் வேகத்தையும் விலையையும் முதலில் ஒப்பிடுகிறார்கள். அதற்கு முன்பே தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு: விடையாகத் திரும்பி வர வேண்டியது எந்த அளவுத் துண்டு, அந்த அளவு கேள்விக்குக் கேள்வி மாறுமா?

மாறும் என்றால், எக்ஸ்எம்எல்லுக்கென்றே உருவான எக்ஸிஸ்ட், பேஸ்எக்ஸ் போன்ற தரவுத்தளங்கள் பொருந்தும். வரலாற்று அலுவலகத்தின் தளம் எக்ஸிஸ்ட்டில்தான் இயங்குகிறது. இவை ஆவணத்தின் கிளை அமைப்பைக் கலைக்காமல் வைத்துக்கொள்கின்றன. இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் பரிந்துரையாக 2007-ல் வந்த எக்ஸ்கொயரி என்னும் வினவல் மொழியில் இன்று தந்தியைக் கேட்கலாம், நாளை அடிக்குறிப்பை மட்டும் கேட்கலாம். சோலர் போன்ற தேடுபொறிகளின் வழி வேறு. கிளைகளைத் தட்டையாக்கிப் பதிவுகளாக முன்கூட்டியே அடுக்கிவிடுவதால், விடையின் அளவும் அப்போதே முடிவாகிவிடும். இதைக் குறையென்று சொல்ல முடியாது. பழங்காலப் பாப்பிரஸ் ஏடுகளுக்கான பாப்பிரி.இன்ஃபோ தளம் சோலரைப் பயன்படுத்துகிறது. அங்கே தேடுகிறவருக்கு வேண்டியது பொதுவாக ஓர் ஏடு; காலம், ஊர் வாரியாக வடிகட்ட முடிந்தால் போதும். வெவ்வேறு திட்டங்கள் தயாரித்த பாடமும் விவரக்குறிப்பும் அங்கே ஒரு பதிவாகச் சேர்கின்றன. அந்த வேலைக்குத் தட்டையாக்குவதே வசதி.

கல்வெட்டுகளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். தமிழ்க் கல்வெட்டுகளையும் உள்ளடக்கி 2019-ல் தொடங்கிய தர்மா ஆய்வுத் திட்டம், எபிடாக் என்னும் எக்ஸ்எம்எல் முறையில் பாடங்களைப் பதிவுசெய்கிறது. சோழர் மெய்க்கீர்த்தி ஒன்றில் 'கோப்பரகேசரி' என்ற சொல் ஒரு வரியில் 'கோப்பர' என்று நின்று, அடுத்த வரியில் 'கேசரி' என்று தொடர்வதாக வைத்துக்கொள்வோம். நடுவில் வரிமுறிவுக் குறி இருக்கும். சிதைந்த எழுத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியிருந்தால் அதற்கொரு குறி. முறிந்த சொல்லை ஒட்டி அட்டவணையிட்டால் சோலரும் அதைக் கண்டுபிடிக்கும். ஆனால் கல்லில் ஐயமின்றிப் படிக்க முடிந்த இடங்களை மட்டும் காட்டு என்று கேட்டால், அந்தக் கேள்வியை முன்னரே எதிர்பார்த்துத் தனிப் புலம் அமைத்திருக்க வேண்டும். ஆய்வாளர்களின் கேள்விகளை யார் முன்கூட்டிச் சொல்ல முடியும்?

எக்ஸ்எம்எல் தரவுத்தளங்கள் மெதுவானவை என்பது வழக்கமான மறுப்பு. அதில் பாதி உண்மை உண்டு. எக்ஸிஸ்ட்டில் எந்தெந்த உறுப்புகளுக்கு அட்டவணை வேண்டும் என்று தனியே எழுதித்தர வேண்டும். எழுதாவிட்டால் கேள்விக்குக் கேள்வி கோப்புகளைத் துழாவிக்கொண்டிருக்கும். எழுதிவிட்டால் அதன் முழு உரைத் தேடலுக்குப் பின்னால் இருப்பது லூசீன், அதாவது சோலருக்கும் அடித்தளமான அதே நூலகம். பேஸ்எக்ஸில் சிக்கல் வேறு இடத்தில்: ஆவணத்தைத் திருத்தினால் அதன் முழு உரை அட்டவணையை மறுபடி உருவாக்க வேண்டும். அன்றாடம் திருத்தப்படும் தொகுப்புக்கு இது தலைவலி, பதிப்பித்து முடிந்த தொகுப்புக்கு ஒரு பொருட்டில்லை. ஏற்கெனவே கையில் உள்ள போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் போதாதா என்றும் கேட்கலாம். அதில் எக்ஸ்எம்எல் வகை உண்டு, ஆனால் அந்த வகைக்கு ஒப்பீட்டுச் செயற்குறிகள் இல்லாததால் அந்த நெடுவரிசையை நேரடியாக அட்டவணையிட முடியாது. ஆவணத்தைப் பத்திரமாக வைக்க அது உதவும், உள்ளே தேட அவ்வளவாக உதவாது.

எக்ஸ்கொயரி தெரிந்தவர்கள் குறைவு என்ற மறுப்புதான் உண்மையிலேயே கனமானது. சிறிய நூலகமோ பல்கலைக்கழகத் துறையோ ஒரே நிரலாளரை நம்பியிருக்கும்போது, அவர் போன பிறகு தளம் அநாதையாகும். அப்படிப்பட்ட இடத்தில், விடையின் அளவு மாறும் தொகுப்பாக இருந்தாலும் சோலரைத் தேர்வதை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நிபந்தனை மட்டும்: மூலக் கோப்புகள் தேடுபொறிக்கு வெளியே, கிட் போன்ற களஞ்சியத்தில் இருக்க வேண்டும், திருத்தம் அங்கே மட்டுமே நடக்க வேண்டும், அட்டவணை எப்போதும் அங்கிருந்தே உருவாக வேண்டும். வரலாற்று அலுவலகமும் தர்மா திட்டமும் தம் கோப்புகளை கிட்ஹப்பில் திறந்தே வைத்திருக்கின்றன. பேஸ்எக்ஸை ஒரு மடிக்கணினியிலேயே ஓட்டலாம். எனவே, கொள்முதல் கோப்பு நகரத் தொடங்கும் முன் வாசகர்கள் கேட்கக்கூடிய ஒரு பத்துக் கேள்விகளை எழுதி, இரு வழிகளிலும் ஓட்டிப் பார்ப்பதற்குப் பெரிய செலவொன்றும் ஆகாது.